பள்ளி முடிச்சதும் ஷூ கம்பெனி ஒப்பந்தமா, காலேஜா? அமெரிக்க ஓட்டக்காரர்களின் கேள்வி

2024 பாரிஸ் ஒலிம்பிக் 1,500 மீட்டர் ஃபைனல் பார்த்தீங்களா? முதல் ஐந்து பேரில் மூவர் அமெரிக்கர்கள். தங்கம் வென்ற கோல் ஹாக்கரும் வெண்கலம் வென்ற யாரெட் நுகுஸும் காலேஜ் அணிகளில் ஓடி வளர்ந்தவர்கள். ஐந்தாவதாக வந்த ஹாப்ஸ் கெஸ்லர், 2021-ல் பள்ளி முடித்த கையோடு அடிடாஸுடன் ஒப்பந்தம் போட்டவர்.

அப்போ காலேஜ்தான் சரியா? அவ்வளவு சிம்பிள் இல்லை.

ஆஃபர் லெட்டர் படிக்கிற மாதிரி இதைப் படிங்க. ஷூ கம்பெனி சொல்லும் தொகை முழுசா கைக்கு வரும் என்று உறுதியில்லை. பல ஒப்பந்தங்களில், காயத்தால் ஓட முடியாமல் போனாலோ தரவரிசை சரிந்தாலோ பணத்தைக் குறைக்கலாம். பதினெட்டு வயசு உடம்புக்கு இது பெரிய ரிஸ்க். காலேஜில் டிகிரி உண்டு, கூட ஓட அணி உண்டு. ஆனால் கிராஸ் கன்ட்ரி, இன்டோர், அவுட்டோர் என்று வருஷத்துக்கு மூன்று சீசன். ஓய்வு குறைவு.

பணத்தைவிட முக்கியம், கோச் யார் என்பது. 2013-ல், 17 வயதில் தொழில்முறைக்கு வந்த மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்ததில் உடல் உடைந்துபோனதாக 2019-ல் வெளிப்படையாகப் பேசினார்.

முன்பு கம்பெனிப் பணம் வாங்கினால் காலேஜ் அணியில் ஓட முடியாது. 2021 ஜூலையில் விதி மாறியது. இப்போது விளம்பர வருமானம் வாங்கிக்கொண்டே அணிக்காக ஓடலாம். அதனால், காலேஜை விடச் சொல்கிற கம்பெனி அதைவிட நல்ல ஆஃபரோடுதான் வரணும்.