ஆழியாற்றின் அகத்தாய்வு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையில், தென்னந்தோப்புகளைக் கடந்து ஆனைமலையின் அடிவாரத்தை நெருங்குகையில், ஆழியாறு அணைக்கு அருகே அறிவுத் திருக்கோயில் அமைந்திருக்கிறது. உலகைத் துறந்தவர்களுக்கென்று ஏற்பட்ட மடமன்று அது. தொழிலும் குடும்பமும் கடனும் கடமையும் உடைய சம்சாரிகள் சில நாட்கள் வந்து தங்கி, தியானமும் உடற்பயிற்சியும் பழகுவதோடு, காகிதமும் எழுதுகோலும் எடுத்து வைத்துக்கொண்டு தங்கள் ஆசைகளையும் சினத்தையும் கவலைகளையும் தாங்களே வரிசைப்படுத்தி எழுதிப் பார்க்கும் இடம் அது. இந்தப் பயிற்சிக்கு அகத்தாய்வு என்று பெயர்.

இதனை வகுத்தளித்த வேதாத்திரி மகரிஷி, 1911 ஆகஸ்டு 14 அன்று சென்னைக்குத் தெற்கேயுள்ள கூடுவாஞ்சேரியில் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்; இளமையில் வறுமையை அறிந்தவர்; தறியில் உழைத்தும், நெசவுத் தொழிலை நடத்தி அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அனுபவித்தும், இல்லறத்தில் நின்றபடியே ஆத்ம விசாரம் செய்தவர். 1958ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய அவர், தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஆழியாற்றையே தம் பணிக்குத் தலைமையிடமாகக் கொண்டார். 2006இல் கோவையில் காலமானார். தியானமும் உடற்பயிற்சியும் அகத்தாய்வும் அடங்கிய, அவர் போதித்த மனவளக்கலை தமிழகமெங்கும் பரவியது.

இத்தகைய பயிற்சி எதற்கு வேண்டும் என்பதை இந்த வட்டாரத்தின் கதையே சொல்லும். கோவையில் 1888ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை தோன்றி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்த பின் ஆலைகள் பெருகி, வானம் பார்த்த பூமியாய் இருந்த ஊர்களெல்லாம் தறியும் பம்பு செட்டும் வார்ப்படமும் பனியனுமாகத் தழைத்ததற்கு மூலகாரணம், ஒரு பொழுதும் சும்மா இருக்க ஒவ்வாத இவ்வட்டார மக்களின் சுபாவமே ஆகும். ஆனால், பத்துத் தறியை இருபதாக்கவும் இருபதை ஐம்பதாக்கவும் ஓயாமல் ஓடுகிற மனிதன், எதற்காக ஓடுகிறோம் என்று நின்று கேட்பதற்கு நேரமில்லாதவனாகி, பகலெல்லாம் அடக்கி வைத்த எரிச்சலை இரவில் வீட்டிற்குக் கொண்டுவந்து மனைவி மக்களிடம் கொட்டிவிடுவானாகில், அவன் ஈட்டிய பொருளால் அவனுக்கோ அவனைச் சார்ந்தோருக்கோ விளைந்த பிரயோசனம்தான் என்ன? பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, அறுந்த இழை எது என்று தேடி, முடிச்சிட்டு, அதன் பிறகே மறுபடியும் நெய்யத் தொடங்குவான் நெசவாளி. அகத்தாய்வு என்பதும் அவ்வாறு சற்றே நிறுத்தி அறுந்த இழையைத் தேடுகிற காரியந்தான்.

இதன் முதற்படி எண்ணம் ஆராய்தல். மனத்தில் எழும் எண்ணங்களுக்கு மகரிஷி ஆறு காரணங்கள் கூறினார்: தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதிய கார் வாங்கியதைக் கண்ட மறுகணமே நமக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றுமானால், அது தேவையிலிருந்து எழுந்ததா, பிறர் தூண்டுதலிலிருந்து எழுந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எண்ணம் எங்கிருந்து வந்ததென்று தெரிந்தவுடனேயே, அது நம்மை ஆட்டிவைக்கும் சக்தியில் பாதி குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, ஆசை சீரமைத்தல். ஆசையை வேரோடு களைந்துவிடுமாறு அவர் இல்லறத்தாரிடம் சொல்லவில்லை. ஆசைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டு, இது தேவைதானா, இதை நிறைவேற்றிக்கொள்ளும் வசதி நமக்கு உண்டா, நிறைவேறினால் அதன் விளைவு என்ன என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னார். இவற்றில் தேறி நிற்கும் ஆசை முயற்சிக்கு உரிய குறிக்கோளாகிறது. தேறாதது, எவருடைய கட்டாயமும் இன்றித் தானே உதிர்ந்துவிடுகிறது.

மூன்றாவதான சினம் தவிர்த்தலே யாவற்றிலும் கடினமானது என்பதும், பலன் மிகுந்தது என்பதும் என் திடமான அபிப்பிராயம். யார் யார் மீது நமக்குச் சினம் வருகிறது என்று பெயர்களை எழுதத் தொடங்கினால், பட்டியலின் தலைப்பில் பகைவர் எவரும் இருப்பதில்லை. கணவன், மனைவி, மகன், மகள், வயதான தாய், உடன் உழைக்கும் ஆள் என்று, யாருடைய அன்பில் நாம் உயிர் வாழ்கிறோமோ அவர்களுடைய பெயர்களே அங்கு நிறைந்திருக்கக் காண்கிறோம். அவர்களுள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, இவரிடம் இனிச் சினம் கொள்வதில்லை என்று சங்கற்பம் செய்து, அவரை மனத்தில் நினைத்து ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தி வருமாறு பயிற்சி சொல்லுகிறது. வாழ்த்துகிற மனமே அதே கணத்தில் வெகுளவும் இயலாது என்பதை முயன்று பார்ப்பவர் எவரும் பிரத்தியட்சமாக அறியலாம்.

நான்காவது, கவலை ஒழித்தல். அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியவை, தள்ளிப்போட்டுத் தீர்க்க வேண்டியவை, உடனடியாகத் தீர்க்க வேண்டியவை என்று கவலைகளை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். நெருங்கியவரின் மரணம் முதல் வகை. உறவுக்காரர் சொன்ன புறணி இரண்டாம் வகை. பள்ளியில் படிக்கும் மகளின் கல்யாணச் செலவு மூன்றாம் வகை. நாளை கட்ட வேண்டிய வங்கித் தவணை நான்காம் வகை. இவையெல்லாம் ஒரே சுமையாகத் திரண்டு நெஞ்சில் அழுத்தும்போது தூக்கம் கெடுகிறது. பிரித்து எழுதிய பிறகோ, இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றோ இரண்டோதான் என்பது தெளிவாகிவிடுகிறது.

தன்னைத் தான் சோதித்துக்கொள்ளும் இவ்வழக்கம் எந்த ஒரு தேசத்திற்கும் தனியுடைமையன்று. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செனக்கா, இரவில் விளக்கு அகற்றப்பட்ட பின் அன்றைய தினத்தின் சொல்லையும் செயலையும் ஒன்றும் மறைக்காமல் ஆராயும் தம் வழக்கத்தை, சினத்தைப் பற்றிய தமது நூலிலேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்திற்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய இடங்களில் புள்ளி இட்டு வந்தார்.

எனினும், சுய விசாரணைக்கும் மனத்தைக் கிளறிக்கொண்டே இருப்பதற்கும் உள்ள பேதத்தை வாசகர்கள் உணர வேண்டும். நடந்துபோனதையே மறுபடியும் மறுபடியும் எண்ணி, தன்னையோ பிறரையோ நிந்தித்துக்கொண்டிருப்பது மனச்சோர்வை வளர்க்கும் என்பது உளவியல் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆராய்ச்சி ஒரு முடிவிலும், முடிவு ஒரு சிறு செய்கையிலும் சென்று சேர வேண்டும். உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வில் பற்றே அற்றுப்போகும் அளவுக்குத் துயரம் முற்றியவர்கள் மனநல மருத்துவரை நாடுவதே விவேகம். அதில் வெட்கத்திற்கு இடமே இல்லை.

இப்படிச் சிந்தித்தவனுடைய வளர்ச்சியை எங்கே அளந்து பார்ப்பது? வீட்டில்தான் என்பது மகரிஷியின் வாழ்க்கை தருகிற விடை. தம் மனைவி லோகாம்பாள் அம்மையார் பிறந்த ஆகஸ்டு 30ஆம் நாளை மனைவி நல வேட்பு நாளாக அவர் அமைத்தார். அன்று மனவளக்கலை மன்றங்களில் தம்பதிகள் எதிரெதிரே அமர்ந்து, கணவர் மனைவிக்கு மலரும், மனைவி கணவருக்குக் கனியும் அளித்து, ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். மனைவியின் உழைப்பைப் பல்லாண்டுகள் கண்டும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத ஆண்கள் மிகுந்த நம் குடும்பங்களில், இது அற்பமான சடங்கன்று.

பயிற்சியின் இறுதியில் வருவது ‘நான் யார்?’ என்னும் வினா. எண்ணமும் ஆசையும் சினமும் கவலையும் ஒருவாறு அடங்கிய உள்ளத்தில்தான் அந்த வினாவுக்குப் பொருள் உண்டு என்பதனாலேயே அது இறுதியில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உச்சியை எல்லோரும் எட்டுவதற்கு நாளாகலாம். ஆனால், பேராசை நிறைமனமாகவும் வஞ்சம் மன்னிப்பாகவும் மாறுவது எந்த இல்லறத்தாருக்கும் கைகூடக்கூடிய சித்தியே. அதற்குப் பெரும் படிப்போ செல்வமோ வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், கால் மணி நேரமும், தன்னிடம் பொய் சொல்லாத நேர்மையும் உள்ளவர் எவரும் இன்றிரவே தொடங்கலாம். முதல் பக்கத்தில், தம் சினத்தை அதிகமாகத் தாங்கியவர் யார் என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதினால் போதும்.