எந்தச் செயலிக்கும் ஒரே டேட்டா விலை: எப்படி வந்தது, நீடிக்குமா?

2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் சிம் வைத்திருந்தவர்களுக்குத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஒரு சலுகை வந்தது. ஃபேஸ்புக்கின் ‘இன்டர்நெட்.ஆர்க்’ செயலியைத் திறந்தால், முப்பதுக்கும் மேற்பட்ட தளங்களை டேட்டா பேக் போடாமலே பார்க்கலாம். தமிழிலும் பார்க்கலாம். விக்கிபீடியா இருந்தது, பிபிசி இருந்தது, ஃபேஸ்புக்கும் இருந்தது. தேடுவதற்கு மைக்ரோசாஃப்டின் பிங் இருந்தது, கூகுள் இல்லை. பட்டியலில் இல்லாத இணைப்பைத் தொட்டால், இதற்குக் காசு பிடிப்போம் என்று எச்சரிக்கை வந்து நிற்கும்.

சும்மா கிடைப்பதில் என்ன தகராறு என்று பலரும் கேட்டார்கள். தகராறு அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை ஃபேஸ்புக்கும் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனமும் முடிவு செய்தன.

இணையச் சமநிலை என்ற கொள்கை இதைத்தான் மறுக்கிறது. மின்வாரிய மீட்டர் யூனிட்டைத்தான் கணக்கெடுக்கும். ஓடியது மிக்ஸியா மின்விசிறியா, எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று பார்ப்பதில்லை. இணைய சேவை நிறுவனமும் அப்படியே நடக்க வேண்டும் என்பது இதன் சாரம். எந்தத் தளத்தையும் தடுக்கக் கூடாது, வேகத்தைக் குறைக்கக் கூடாது, தளத்துக்கொரு விலை வைக்கக் கூடாது. இந்தியாவில் பெரிய மோதல் நடந்தது மூன்றாவதை வைத்துத்தான்.

பொறி 2014 டிசம்பரில் விழுந்தது. ஸ்கைப், வைபர் போன்றவற்றில் பேசினால் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அறிவிப்பு வாபஸ் ஆனது. அடுத்த ஏப்ரலில் அதே நிறுவனம் ‘ஏர்டெல் ஜீரோ’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் டேட்டாவுக்கான காசை வாடிக்கையாளருக்குப் பதில் செயலி நிறுவனம் கட்டிவிடும். சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், கண்டனம் வலுத்ததும் பின்வாங்கியது. பெரிய கடை பணம் கட்டித் தன் வாசலை இலவசமாக்கிவிட்டால், நேற்றுத் தொடங்கிய சிறிய கடைக்கு யார் வருவார் என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. அந்த மாதத்தில் மட்டும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன.

‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்ட ஃபேஸ்புக் திட்டம் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. மார்க் ஸக்கர்பெர்க் தானே கட்டுரை எழுதினார். இணையமே இல்லாத ஏழைக்குக் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே என்பது அவர் வாதம். தன் பயனர்கள் மூலம் டிராய்க்கு ஒரே மாதிரியான ஆதரவுச் செய்திகளையும் ஃபேஸ்புக் அனுப்பவைத்தது. கருத்துக் கேட்பைக் கருத்துக் கணிப்பாக்குகிறீர்கள் என்று டிராய் கடிந்துகொண்டது.

2016 பிப்ரவரி 8 அன்று டிராயின் தீர்ப்பு வந்தது. பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. ஏழு மாதம் கழித்து ஜியோ களமிறங்கி, டேட்டா விலை தடாலடியாகச் சரிந்தது. பட்டியல் போட்ட இணையத்துக்கான தேவையே அடிபட்டுப்போனது.

அப்படியானால் ஓடிடி சந்தாவோடு வரும் ரீசார்ஜ் எப்படிச் செல்லும்? சந்தாதான் அங்கே இலவசம். படம் பார்க்கும்போது டேட்டா வழக்கம்போல் கழிகிறது. அதனால் விதி மீறப்படவில்லை.

2018இல் தடுப்பதையும் வேகம் குறைப்பதையும் தடை செய்யும் விதிகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அமெரிக்காவில் 2015இல் வந்த விதிகள் 2017இல் நீக்கப்பட்டு, 2024இல் திரும்பி, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தன. அந்த ஊசலாட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் விலைச் சண்டை ஓயவில்லை. பில் போகும் முகவரிதான் மாறியிருக்கிறது.

இப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காசு கேட்பது யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்களிடம். 2022 அலைக்கற்றை ஏலம் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அவ்வளவு செலவில் போட்ட நெட்வொர்க்கை நிரப்புவது ஒரு சில நிறுவனங்களின் வீடியோ. செலவில் அவர்களும் பங்கு தரட்டும் என்கின்றன. மறுதரப்பு சொல்வது வேறு: வீடியோவைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளர், அவர் டேட்டாவுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அந்தக் கட்டணத்தை உயர்த்தவும் செய்தன.

தென்கொரியா இந்த வழியில் முன்பே போய்ப் பார்த்தது. அனுப்பும் பக்கமே செலவை ஏற்கும் முறை அங்கே இருக்கிறது. நேரலைத் தளமான ட்விட்ச் முதலில் படத்தின் தரத்தை 720பி அளவுக்குக் குறைத்தது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு நெட்வொர்க் செலவாகிறது என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது.

அடுத்த பஞ்சாயத்து 5ஜி. ஒரே நெட்வொர்க்கைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வேகத்தை உறுதிசெய்ய அதில் முடியும். 2018 விதிகள் ‘சிறப்புச் சேவை’களுக்கு விலக்கு தருகின்றன. தொலைவிலிருந்து செய்யும் அறுவை சிகிச்சைக்குத் தனிப் பாதை ஒதுக்குவதை யாரும் எதிர்க்கப்போவதில்லை. கிரிக்கெட் நேரலைக்கோ ஒரு கேமிங் செயலிக்கோ அதே பாதையை விற்கலாமா என்பதை டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் சொல்லியாக வேண்டும்.