வரப்புக் கீழாநெல்லியும் நம்ம கல்லீரலும்

பிசானத்துக்கு வரப்பு வெட்டும்போது மண்வெட்டியால் தள்ளிவிடுகிறோமே, அந்தக் கீழாநெல்லி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வாய்க்கால் கரையிலும் வாழைத் தோட்டத்திலும் தானாகவே முளைத்துக் கிடக்கும். "மஞ்சக்காமாலையா? இதை அரைச்சு மோர்ல குடிச்சாப் போதும்" என்பார்கள் நம்ம ஊர்ப் பெரியவங்க. அது எவ்வளவு தூரம் சரி?

இதன் இலையில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. நச்சுப்பொருள் கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்த எலிகளில், இவை பாதிப்பைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றார். அந்தக் கிருமி உடம்பில் தங்கியவர்களுக்குத் தினம் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம் பொடி, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011 காக்ரேன் மதிப்பாய்வும் போதிய சான்று இல்லை என்றது.

அப்போ ஊரில் குணமாகிறதே, எப்படி? மஞ்சள் காமாலை தனி நோய் இல்லை, அறிகுறிதான். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ்-ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகும். பேர் மட்டும் மூலிகைக்குப் போகும். ஆனால் சேற்றில் நிற்கிற நமக்கு வருகிற எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம். அதற்கு உடனே ஆன்டிபயாடிக் வேணும். பித்தப்பைக் கல் அடைத்தாலும் மஞ்சளாகும். அதனால கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. சித்த மருந்துதான் வேணும் என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கும் எலிக்காய்ச்சல் சந்தேகத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

செடியைப் பறித்து விற்க நினைப்பவர்கள் இனம் பார்த்துப் பறியுங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்போடு இருக்கும். காம்பில்லாமல் சொரசொரப்பாக, தண்டு சிவந்திருந்தால் அது வேறு இனம். சந்தைச் சரக்கில் இப்படிக் கலப்பு உண்டு. களைக்கொல்லி அடித்த வரப்பில் பறிக்கவே கூடாது. பில்லாந்தின் இலையில்தான் அதிகம். இலை உதிராமல் நிழலில் உலர்த்துங்கள்.