கனேரிப் பறவைகளின் சுவாசக் கோளாறுகள்: அடையாளங்களும் சிகிச்சையும்

கனேரி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகவும், மொண்டெல்லோவிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் பணிபுரியும் இல்லங்களில் உரிமையாளரின் பறவைகளைப் பராமரிப்போருக்காகவும் இவ்வழிகாட்டல் தரப்படுகிறது.

கனேரி ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரை நிறையுள்ள சிறு பறவை. நோயுற்ற பறவையே இரைதேடும் விலங்குகளுக்கு முதலில் அகப்படும். ஆதலால் கனேரி தன் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். அது அலகைத் திறந்து மூச்சு வாங்குவதை நாம் காணும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கக்கூடும். எனவே, சுவாசத்தில் மாற்றம் தெரிந்த அன்றே மிருக வைத்தியரை நாட வேண்டும். நாளை பார்ப்போம் என்று ஒத்திவைக்கலாகாது.

பறவை மூச்சு விடும் முறை

பறவைகளுக்கு மனிதருக்குரியதைப் போன்ற உதரவிதானம் இல்லை. அவற்றின் நுரையீரல் பெரிதாக விரிந்து சுருங்குவதுமில்லை. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகளே துருத்தி போல இயங்கி, காற்றை நுரையீரலினூடாக ஒரே திசையில் செலுத்துகின்றன. இவ்வமைப்பினால் பறவை ஒட்சிசனை நம்மைவிடத் திறமையாகப் பெறுகின்றது. அதே காரணத்தால் புகையும் நச்சு வாயுவும் அதன் குருதியில் விரைவாகக் கலக்கின்றன.

மார்பெலும்பு தடையின்றி அசைந்தால் மட்டுமே பறவையால் மூச்சுவிட முடியும். ஆகவே பறவையைக் கையில் எடுக்க நேர்ந்தால் மார்பை ஒருபோதும் அழுத்தக்கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

கூண்டைத் தொடாமல், சற்றுத் தொலைவில் நின்று சில நிமிடங்கள் கவனியுங்கள். அமைதியாக இருக்கும் கனேரி நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 80 முறை அலகு மூடியபடியே மூச்சுவிடும். பின்வருவன நோயின் அடையாளங்களாகும்:

• ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைதல்.
• ஓய்வாக இருக்கும்போதும் அலகைத் திறந்து மூச்சு வாங்குதல்.
• மூச்சுடன் சொடுக்குவது போன்ற மெல்லிய ஒலி எழுதல். இரவில் கூண்டை மூடிய பின் அருகில் நின்று கேட்டால் இது தெளிவாகக் கேட்கும்.
• பாடும் ஆண் பறவையின் குரல் கம்முதல் அல்லது பாட்டு நின்றுபோதல்.
• அடிக்கடி தும்முதல், அலகைக் கம்பில் தேய்த்தல், நாசித்துளை ஈரமாதல்.
• இறகுகளைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையில் அமர்ந்திருத்தல்.

கோடையின் பிற்பகுதியில் இறகு உதிரும் காலத்தில் ஆண் பறவை பாடாதிருப்பது இயல்பு. பெண் பறவை பொதுவாகப் பாடுவதில்லை. எனவே பாட்டு நின்றதை மட்டும் கொண்டு முடிவுக்கு வராமல் ஏனைய அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

காரணங்களும் சிகிச்சையும்

காற்றுப்பை உண்ணி: மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் வாழும் மிக நுண்ணிய உண்ணி இது. சொடுக்கும் ஒலியும் குரல் இழப்பும் இதன் சிறப்பான அடையாளங்கள். இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஒரு கூண்டிலிருந்து மற்றப் பறவைகளுக்குப் பரவும். ஐவர்மெக்ரின் போன்ற மருந்தை வைத்தியர் பறவையின் நிறைக்கேற்ப அளந்து, பெரும்பாலும் தோலில் ஒரு துளியாக இடுவார்; குறித்த இடைவெளியில் மீண்டும் இடுவார். சேர்ந்து வாழும் எல்லாப் பறவைகளுக்கும் சிகிச்சை தேவை. ஆடு மாடுகளுக்கென விற்கப்படும் மருந்தை வீட்டில் கலந்து கொடுத்தால், அளவு கூடிப் பறவை இறக்கக்கூடும்.

பூஞ்சண நோய்: ஈரம் பட்ட தானியத்திலும் நனைந்த கூண்டுத் தரையிலும் வளரும் பூஞ்சணத்தின் வித்திகள் நுரையீரலைத் தாக்குகின்றன. சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும். முழுக்குணம் எப்போதும் கிடைப்பதில்லை. கடற்கரையை அண்டிய ஈரக்காற்றில் தானியத்தை மூடிய போத்தலில் வைப்பதும், புழுங்கல் மணம் வீசினால் முழுவதையும் எறிந்துவிடுவதும் சிறந்த தடுப்பாகும்.

பற்றீரியாத் தொற்று: நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். எந்த மருந்து என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மனிதருக்குத் தரப்பட்டு மீந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது ஆபத்தானது. பறவை நோயுற்றிருக்கும் காலத்தில் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் இருமலும் கண்டால், வீட்டில் பறவை இருப்பதைக் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கனேரி அம்மை: நுளம்புகள் பரப்பும் வைரசு நோய். மூச்சைத் தாக்கும் வகையில் இறப்பு மிக அதிகம். வைரசை அழிக்கும் மருந்து இல்லை. மொண்டெல்லோச் சமவெளி ஒரு காலத்தில் சதுப்பு நிலமாக இருந்து பின்னர் வடிக்கப்பட்டது. இன்று நுளம்பு பெருகுவது பெரும்பாலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் மூடாத வாளிகளிலும் தேங்கும் நீரிலாகும். அந்நீரை வாரந்தோறும் கொட்டுங்கள். மாலை முதல் கூண்டுக்கு நுண்வலை இடுங்கள். பல பறவைகளை வளர்ப்போர் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

பெண் பறவை முட்டையிட முடியாமல் தவிக்கும்போதும், கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் குருதி உறிஞ்சும் செவ்வுண்ணியால் சோகை உண்டாகும்போதும் மூச்சு வாங்கும். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் பணி.

வீட்டின் காற்று

நம் இல்லங்களில் நாள்தோறும் எழும் சில புகைகள் கனேரிக்குப் பொருந்தாதவை. மிளகாய் தாளிக்கும் புகை, சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி, நுளம்புச் சுருள், சிகரெட், வாசனைத் தெளிப்பான், குளோரின் கலந்த துப்புரவுத் திரவம் ஆகியவை மூச்சுப் பாதையைப் புண்படுத்தும். கூண்டைச் சமையலறையிலும் சாமியறையிலும் வைக்காதீர்கள். வழிபாட்டை நிறுத்த வேண்டியதில்லை; பறவையை வேறோர் அறைக்கு மாற்றி, கதவைச் சாத்தி, புகை முற்றாக வெளியேறிய பின் கொண்டுவந்தால் போதும்.

ஒட்டாத பூச்சுள்ள தாச்சியும் தோசைக்கல்லும் மிகக் கொடியவை. அவற்றை வெறுமையாக அடுப்பில் மறந்துவிட்டு மிகச் சூடேறினால், நமக்கு மணமே தெரியாத வாயு வெளியாகி, வேறோர் அறையிலுள்ள பறவையையும் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பெரும்பாலும் சிகிச்சைக்கு நேரமே இருக்காது.

காபனோரொட்சைட்டு மனிதருக்கும் உயிராபத்தானது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயுவைக் கண்டறியவே பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை கனேரிகள் கொண்டுசெல்லப்பட்டன. பழுதடைந்த எரிவாயு நீர்ச்சூடேற்றியும் அறைக்குள் மூட்டும் கரி அடுப்பும் இதனை உண்டாக்கும். பறவை திடீரென விழுந்து, அதே நேரத்தில் வீட்டிலுள்ளோருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் ஏற்பட்டால் அதனைப் பறவையின் நோய் என எண்ணாதீர்கள். யன்னல்களைத் திறந்து, எல்லோரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்து 112 எண்ணை அழையுங்கள்.

கோடையும் காட்டுத்தீயும்

2023 ஜூலை 24 அன்று பலேர்மோவில் வெப்பம் 47 பாகை செல்சியசை எட்டியது. சிரோக்கோக் காற்றில் சுற்றுமலைகளில் தீ பரவி, நகரைப் புகை சூழ்ந்தது. விமான நிலையமும் சில மணி நேரம் மூடப்பட்டது. இத்தகைய நாள்களில் கூண்டு மாடிமுகப்பில் இருக்கக்கூடாது. வீட்டின் குளிர்ந்த அறைக்கு எடுத்துச் சென்று, புகை இருக்கும்வரை யன்னல்களை மூடிவையுங்கள். வெப்பத்தால் மூச்சு வாங்கும் பறவை சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருக்கும். அதனை நிழலுக்கு மாற்றி, குடிக்கவும் குளிக்கவும் சாதாரண நீர் வையுங்கள்; பனிக்கட்டி நீரில் நனைக்காதீர்கள்.

வைத்தியரிடம் செல்லும்வரை

1. புகை அல்லது வாயு காரணமாயின் பறவையைத் தூய காற்றுள்ள இடத்திற்கு மாற்றுங்கள்.
2. அமைதியான, மங்கிய ஒளியுள்ள அறையில் வையுங்கள். வெப்பத்தால் வந்த கோளாறு அல்லாவிடின் 28 முதல் 30 பாகை வரை இளஞ்சூடு நல்லது.
3. தானியத்தையும் நீரையும் கூண்டின் தரையில் எட்டும்படி வையுங்கள்.
4. வாயில் நீர், எண்ணெய், தேன் எதனையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். தைலம் பூசுவதும் ஆவி பிடிப்பதும் வேண்டாம்.
5. மூச்சின் அசைவையும் ஒலியையும் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். எச்சம் படிந்த கூண்டுத் தாளை எறியாமல் எடுத்துச் செல்லுங்கள்.
6. காற்றோட்டமுள்ள சிறு பெட்டியில், துணி விரித்து, மேலே பாதி மூடிக் கொண்டுசெல்லுங்கள்.

வைத்தியரை நாடுதல்

எல்லா மிருக வைத்தியர்களும் பறவைகளுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. தொலைபேசியில் முதலில் ‘வெத்தெரினாரியோ பெர் அனிமாலி எசோத்திச்சி’ இருக்கிறாரா எனக் கேளுங்கள். ‘இல் மியோ கனாரீனோ ரெஸ்பீரா மாலே’ என்றால் ‘என் கனேரி மூச்சுவிடச் சிரமப்படுகிறது’ என்று பொருள். ‘எ உர்ஜெந்தே’ என்றால் ‘அவசரம்’.

மருந்துச் சீட்டு 2019 ஏப்ரல் முதல் இலத்திரனியல் வடிவில் வழங்கப்படுகிறது. வைத்தியர் தரும் சீட்டு எண்ணையும் இரகசிய எண்ணையும் மருந்தகத்தில் காட்டினால் போதும். கட்டணப் பற்றுச்சீட்டையும் காத்து வையுங்கள். வருமான வரிக் கணக்கில், ஆண்டுக்கு 550 யூரோ வரையான மிருக வைத்தியச் செலவில் 129.11 யூரோவைக் கழித்து, எஞ்சிய தொகையின் 19 சதவீதம் வரியில் குறைக்கப்படும். இதற்கு வங்கி அட்டை போன்ற பதிவாகும் வழியில் பணம் செலுத்தியிருக்க வேண்டும்.

பணிபுரியும் வீட்டில் பறவையைப் பராமரிப்போர், உரிமையாளர் பயணம் செல்லுமுன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வைத்தியரின் தொலைபேசி எண், அவசரத்தில் பறவையைக் கொண்டுசெல்வதற்கான அனுமதி, கட்டணத்தை யார் செலுத்துவது என்னும் விபரம். அடையாளம் தெரிந்தவுடன் செய்தி அனுப்பி, காணொளியையும் சேர்த்து அனுப்புங்கள். இது பறவையையும் காக்கும். பின்னர் எழக்கூடிய மனத்தாங்கலையும் தவிர்க்கும்.

புதிதாக வாங்கிய பறவையை 30 நாள்கள் தனியறையில் வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். ஓகஸ்ட் 15 பெருவிழாவை ஒட்டிப் பல சிகிச்சை நிலையங்கள் மூடப்படுவதால், அக்காலத்தில் திறந்திருக்கும் நிலையத்தின் எண்ணை ஜூலை மாதத்திலேயே விசாரித்துக் கூண்டுக்கு அருகில் எழுதி வையுங்கள்.