நாலு கால் சேர்ந்தால் ஒன்று

சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது எல்லாரும் வெட்டத்தான் தொடங்குகிறோம். பாணை வெட்டுவோம், தோடம்பழத்தைப் பிளப்போம், வட்டம் கீறி நிறம் தீட்டுவோம். வெட்டினதைத் திரும்பச் சேர்த்துக் காட்டத்தான் மறந்துபோகிறோம். 4/4 என்று எழுதிவிட்டு, “இது நாலோ, ஒண்டோ?” என்று பிள்ளை முழிப்பது அதனால்தான். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு இருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு றாத்தல் பாணும் அரை றாத்தல் பாணும் கடைக்குப் போய்ப் பழகிய சொற்கள். 450 கிராம் றாத்தல் பாண் ஒன்றை மேசையில் வைத்து நடுவால் வெட்டுங்கள். இரண்டு பாதியையும் மறுபடி பாதியாக்குங்கள். இப்போது ஒவ்வொரு துண்டும் கால் பாண். பிள்ளையையே ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்க விடுங்கள்: கால், அரை, முக்கால். நாலாவது துண்டை ஒட்டியதும், “முழுப் பாண்!” என்று அதன் வாயாலேயே வரும். அந்தச் சொல் வந்த பிறகு 4/4 எழுதினால் போதும், அவசரப்படாதீர்கள். கீழே இருப்பது எத்தனையாக வெட்டினோம் என்பது. மேலே இருப்பது அதில் எத்தனை நம்மிடம் உண்டு என்பது. இரண்டும் ஒரே எண் என்றால் ஒன்றும் குறையவில்லை.

ஒரு கவனம் வேண்டும். அரை றாத்தல் பாணைப் பாதியாக வெட்டினால் வரும் துண்டு, அந்த அரைப் பாணுக்குப் பாதி, றாத்தல் பாணுக்குக் கால். எதை முழுசு என்று வைத்துக் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்டால், பிள்ளை எதைச் சொன்னாலும் சரிதான். பிழை நம் கேள்வியில். நுங்குக் காலத்தில் இன்னொன்றும் காட்டலாம். ஒரு நுங்கில் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். ஆனால் சின்னக் கண் கிடைத்த பிள்ளை தனக்கு மூன்றில் ஒன்று கிடைத்ததென்று ஒப்புக்கொள்ளாது. அது நியாயம். துண்டுகள் சமனாக இருந்தால்தான் அந்தக் கணக்கு.

அடுத்தது கடதாசி. சதுரக் கொப்பியில் 12 பெட்டி நீளத்துக்கு நாலைந்து கீலம் வெட்டுங்கள். 12 ஏனென்றால் 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் பிரியும். ஒன்றை இரண்டாக, ஒன்றை மூன்றாக, ஒன்றை ஆறாகக் கோடு போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். 6/6 தான் 2/2 ஐ விடப் பெரிசு என்று நினைத்திருந்த பிள்ளை, எல்லாம் ஒரே நீளம் என்பதைத் தன் விரலாலேயே தடவிப் பார்க்கும். பிறகு ஒன்றிலிருந்து 3/8 ஐக் கழிக்கச் சொன்னால், ஒன்றை 8/8 ஆக்க அதற்குப் பயமிருக்காது.

இந்த அத்திவாரம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 1978 இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில், 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 உம் 7/8 உம் சேர்ந்தால் ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டுமே முழுசுக்கு ஒரு துண்டுதான் குறைவு. ஆகவே விடை ஏறத்தாழ 2. அதைச் சொன்னவர்கள் 24 வீதம் மட்டும். பாதிக்கு மேற்பட்டவர்கள் மேல் எண்களைக் கூட்டி 19 என்றோ, கீழ் எண்களைக் கூட்டி 21 என்றோ சொன்னார்கள். பிள்ளைகள் மக்குகள் இல்லை. 12/13 ஐ ஒரே அளவாகப் பார்க்காமல் இரண்டு தனி எண்ணாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

நமக்கோ வீட்டைச் சுற்றியே பின்னம் கிடக்கிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 18 குழி. நாலு பரப்பு வளவு அந்த வீட்டுக்காரருக்கு முழு வளவு. ஏக்கரில் அது 4/16, கால்தான். இன்றைக்குப் பின்னேரம் உங்கள் வளவு எத்தனை பரப்பு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஓர் ஏக்கர் நிறைய இன்னும் எத்தனை பரப்பு வேண்டும் என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.