கடைக் கணக்கு எந்த ஊர் சர்வரில் இருக்கிறது?

கொல்லிமலையில் மழை பிடித்து கரண்ட் போனால், கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ கிளவுட் சாப்ட்வேரில் பில் போடும் கடை என்றால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மிளகு எடை போட்டு முடிந்திருக்கும், பில் வராது.

சாப்ட்வேர் விற்க வருகிறவர் சர்வர் மும்பையில் இருக்கிறது என்று தைரியம் சொல்வார். இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் கிளவுட் நிலையம் திறந்துவிட்டன. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் கடைக்கு மும்பை ஒரு தூரமே இல்லை. கடையிலிருந்து டவர் வரைதான் தூரம். அதனால் சந்தா கட்டும் முன், போனில் டேட்டாவை அணைத்துவிட்டு அவர் எதிரிலேயே பத்து பில் போட்டுப் பாருங்கள். டேட்டாவைத் திரும்பப் போட்டதும் பத்தும் வரிசை எண் பிசகாமல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தச் சாப்ட்வேர் மலைக்கு ஆகாது.

அடுத்துக் கேட்க வேண்டியது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே போயின. பேக்கப் வேறு ஊரில் இருக்கிறதா என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள். சந்தாவை நிறுத்தினால் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகத் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர் கணக்கை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கணினிக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி 57ஆம் விதி. அதிகாரி கேட்கும்போது கம்பெனி சர்வர் போய்விட்டது என்று கைகாட்ட முடியாது, பொறுப்பு கடைக்காரருடையது. மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைப்பதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். பில்லுக்காக வாங்கும் வாடிக்கையாளர் போன் எண்ணுக்கும் இதே பொறுப்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சாப்ட்வேர் கம்பெனியிடம் கொடுத்து வைத்த தரவுக்கும் முதல் பொறுப்பு அதைச் சேகரித்தவருக்கே. எண் தேவையில்லாத பில்லுக்கு எண் கேட்காதீர்கள்.

பணம் கட்டியும் சேவை சரியில்லை என்றால்? வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் கடை நடத்துபவர் அப்படி வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அவரும் நுகர்வோர்தான் என்று வாதிட இடமுண்டு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், தான் வசிக்கும் மாவட்டம் என்ற முறையில் நாமக்கல் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து பதிவெண் வாங்குங்கள். சந்தா ரசீது, பிழை காட்டிய திரையின் படம், கஸ்டமர் கேர் தந்த புகார் எண் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு.