வலிக்கு டேப்பும் கப்பிங்கும்: எவ்வளவு நம்பலாம்?

கபடி வீரரின் முழங்காலில் நீல நிறப் பட்டை, நீச்சல் வீரரின் தோளில் வட்ட வட்டமாகச் சிவந்த தடம். தொலைக்காட்சியில் இவற்றைப் பார்த்துவிட்டு, "எனக்கும் முட்டி வலிக்குது, அந்த டேப்பை ஒட்டிவிடுங்களேன்" என்று பிசியோதெரபி மையங்களில் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இடுப்புப் பிடிப்புக்குக் கப்பிங் செய்துகொண்டால் சரியாகிவிடுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வலியோடு வாழ்பவருக்கு இது நியாயமான கேள்வி. சுருக்கமான பதில் இதுதான்: இரண்டுமே வலியைக் கொஞ்ச காலத்துக்குத் தணிக்கக்கூடும். வலி எதனால் வந்ததோ அந்தக் காரணத்தை இரண்டும் தொடுவதில்லை. அப்படியானால் இவற்றால் என்ன பயன் என்பதைச் சற்று விரிவாகத்தான் பார்க்க வேண்டும்.

டேப் என்று பொதுவாகச் சொன்னாலும் பிசியோதெரபிஸ்ட்டின் பையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, இழுத்தால் நீளாத வெள்ளை டேப். இதன் வேலை மூட்டைக் கட்டுப்படுத்துவது. கால் பிசகிக் கணுக்காலில் சுளுக்கு விழுந்தவருக்கு அதே கணுக்கால் மறுபடியும் உள்பக்கமாக மடங்கும் வாய்ப்பு அதிகம். பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்து முறையாக ஒட்டிய வெள்ளை டேப், அப்படி மடங்குவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே சுளுக்கு விழுந்தவர்கள் இப்படி ஒட்டிக்கொண்டு விளையாடினால் மீண்டும் அடிபடுவது குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. டேப் சிகிச்சையில் உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்க பயன்பாடு என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். குறை ஒன்று உண்டு: வியர்வையும் ஓட்டமும் சேரும்போது அரை மணி நேரத்திலேயே பிடிப்பு தளரத் தொடங்கிவிடும்.

முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலிக்கும் இந்த வெள்ளை டேப்பை ஒட்டுவார்கள். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1980களில் இந்த முறையை உருவாக்கினார். சில்லு வெளிப்பக்கமாக இழுபடுவதால் வலி வருகிறது, அதை உள்பக்கம் தள்ளி ஒட்டினால் வலி குறையும் என்பது அவர் கணிப்பு. சிறிது நேரம் உடற்பயிற்சி செய்தாலே சில்லு பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதைப் பின்னாளில் எடுத்த படங்கள் காட்டின. ஆனாலும் பலருக்கு வலி குறையத்தான் செய்தது. படி இறங்கவே பயந்தவர் டேப்போடு இறங்குகிறார், தொடைத் தசைப் பயிற்சியைச் செய்ய முடிகிறது. மெக்கானலின் முறையிலேயே டேப்பும் பயிற்சியும் ஒன்றாகத்தான் வந்தன. நம் ஊரில் பல இடங்களில் டேப் மட்டும் தங்கிவிட்டது, பயிற்சியைக் கைவிட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் நீளும் டேப். ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970களில் உருவாக்கியது. பருத்தித் துணியில் அலை அலையாகப் பசை தடவியிருக்கும். ஒட்டினால் 3 முதல் 5 நாள் வரை தாங்கும், குளிக்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெரி வால்ஷ் தோளில் ஒட்டிக்கொண்டு ஆடியதிலிருந்து உலகம் முழுவதும் பரவியது. நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு இல்லை. நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த டேப் தோலை லேசாகத் தூக்கிச் சுருக்கங்களை உண்டாக்கும், அந்த இடைவெளியில் ரத்தமும் நிணநீரும் நன்றாக ஓடும், அதனால் வலி தணியும் என்பது இதன் பின்னுள்ள கோட்பாடு. பிரேசிலில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினருக்குச் சுருக்கம் விழும்படியும் மறுபாதியினருக்கு இழுக்காமல் சும்மாவும் ஒட்டினார்கள். 2014இல் வெளிவந்த முடிவின்படி இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தசைக்குப் பலம் கூடும் என்ற நம்பிக்கையை ஹாங்காங் ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சோதித்தார்கள். இந்த டேப்பைப் பற்றியே அறியாத 30 பேரின் கண்ணைக் கட்டி, 'தசையின் வேலையை அளக்கும் சென்சார் பொருத்துகிறோம்' என்று சொல்லித் தொடையில் டேப்பை ஒட்டினார்கள். ஒட்டியது தெரியாதபோது தசையின் பலத்தில் மாற்றமே இல்லை.

அப்படியென்றால் "ஒட்டினதும் வலி குறைஞ்சுது" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்கிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுதல் உணர்வு தண்டுவடத்தை எட்டும்போது வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். தோலில் ஒட்டியிருக்கும் டேப்பும் இதே வழியில் உதவக்கூடும். இன்னொன்றும் முக்கியம். வலிக்கும் மூட்டுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்ற தெம்பு வந்தால் மனிதர் அசைய அஞ்சுவதில்லை. பல மாதம் கையைத் தூக்காமல் தோளை இறுகவிட்டவருக்கு அந்தத் தெம்பு சிறிய விஷயம் அல்ல.

கப்பிங் எப்படி வேலை செய்கிறது?

கப்பிங் மிகப் பழையது. எகிப்து, சீனம், கிரேக்கம், அரபு நாடுகள் எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. சுசுருத சம்ஹிதை கொம்பையும் சுரைக்குடுக்கையையும் வைத்து ரத்தம் உறிஞ்சுவதைச் சொல்கிறது. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருத்துவத்தில் உறிஞ்சலும் ஒன்று. இன்றைய பிசியோதெரபி மையங்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தோலில் வைத்துக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். சிலிக்கோன் கிண்ணத்தை அமுக்கி வைப்பதும் உண்டு. 5 முதல் 10 நிமிடம் வரை விடுவார்கள், அல்லது எண்ணெய் தடவித் தசையின் போக்கில் நகர்த்துவார்கள். மசாஜ் தசையை அழுத்துகிறது, கப்பிங் தோலையும் அடித்திசுவையும் மேலே இழுக்கிறது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டங்களுக்குப் பிறகுதான் கப்பிங் நகரங்களில் இத்தனை பிரபலமானது. அவருடைய வெற்றிக்குப் பின்னால் இருந்த பல்லாண்டுப் பயிற்சி அந்தப் படங்களில் தெரியவில்லை, வட்டங்கள் தெரிந்தன.

அந்தத் தடங்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. 'கெட்ட ரத்தம் மேலே வந்துவிட்டது, கறுப்பாக இருந்தால் நச்சு அதிகம்' என்கிறார்கள். உண்மையில், உறிஞ்சும் வேகத்தில் தோலுக்கு அடியிலுள்ள நுண் ரத்தக்குழாய்கள் உடைந்து ரத்தம் கசிகிறது. கீழே விழுந்தால் ஏற்படும் கன்றலும் இதுவும் ஒன்றே. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு மெல்லிய தோல் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஓரிரு வாரத்தில் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன, அதற்குக் கிண்ணம் தேவையில்லை.

வலிக்குப் பயன்படுமா? 2012இல் 135 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை பலன் இருக்கலாம் என்றது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தரக்குறைவானவை என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. கறாரான சோதனைக்குப் போலிக் கிண்ணம் வேண்டும். ஜெர்மனியில் உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரிடம் நடந்த ஆய்வில் சிலருக்கு நுண்ணிய துளையிட்ட கிண்ணத்தை வைத்தார்கள், காற்று கசிந்து உறிஞ்சல் நின்றுவிடும். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் கப்பிங் கொஞ்சம் மேல். துளையிட்ட கிண்ணத்தோடு ஒப்பிட்டால் மேல் இல்லை. இடுப்புவலிக்காரர்களிடம் பிரேசிலில் நடந்து 2021இல் வெளியான ஆய்வும் போலிக் கிண்ணத்தைவிடக் கப்பிங் மேல் இல்லை என்றே கண்டது.

யாருக்குக் கூடாது?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் மெலிந்தவர்கள் கப்பிங் செய்துகொள்ளக் கூடாது. நரம்பு சுருட்டிக்கொண்ட இடத்திலும் புண் உள்ள இடத்திலும் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் அடி இடுப்பிலும் வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஆறவும் நாளாகும். தீ மூட்டிச் செய்யும் கப்பிங்கில் தீக்காயம் படும் அபாயமும் உண்டு. தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமா வேறு விஷயம். அது பிசியோதெரபிஸ்ட்டின் பணியில் சேராது. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடோ கிண்ணமோ அடுத்தவருக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் ஹெச்.ஐ.வி.யும் பரவும்.

டேப்பில் ஆபத்து குறைவு. முதல்முறை ஒட்டும்போது சிறு துண்டை ஒட்டிப் பார்த்து, அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். கையைக் காலைச் சுற்றி இறுக்கமாக ஒட்டக் கூடாது. எடுக்கும்போது வெடுக்கென இழுக்காமல், தேங்காயெண்ணெய் தடவி, முடி வளரும் திசையிலேயே மெதுவாக உரியுங்கள்.

உண்மையான சிகிச்சை எங்கே இருக்கிறது என்றால், பெரும்பாலும் பயிற்சியில். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முறைப்படுத்திய உடற்பயிற்சியும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் இடம்பெறுகின்றன. இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாக வேண்டாம் என்கிறது அது. மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடைத் தசை வலுப்பட வேண்டும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை 4 கிலோ அளவுக்குக் குறைகிறது. எந்த டேப்பாலும் செய்ய முடியாத உதவி அது.

ஆகவே பணம் கட்டும் முன் மையத்தில் கேளுங்கள்: வலி எதனால் வருகிறது? டேப் ஒட்டியிருக்கும் நாட்களில் நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்? எப்போது இதை நிறுத்துவோம்? மூட்டை அசைத்துப் பார்க்காமல், நடக்கச் சொல்லிப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் '10 சிட்டிங்' என்று சொல்பவரிடம் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். இடுப்புவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, வலியோடு காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கினாலோ டேப்பும் வேண்டாம், கப்பிங்கும் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.